சொந்த மனை இருந்தால் மட்டும்: பேரூராட்சி வீட்டு மானியம் எப்படி வேலை செய்கிறது?

பேரூராட்சி எல்லைக்குள் ஒன்றரை சென்ட் இடம், அதற்குத் தன் பெயரில் பட்டா, கையில் ஒரு லட்சத்துக்குக் குறையாத ரொக்கம். இந்த மூன்றும் இருக்கிறவருக்கு நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் மானியம் உருப்படியான உதவி. ஒன்று குறைந்தாலும் பாதி வழியில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்விட்டம்) மட்டத்தில் கம்பி துருத்திக்கொண்டு, சுவரில் செடி முளைத்துக் கிடக்கும் வீடுகள் எந்தச் சிறு ஊரிலும் கண்ணில் படும். அவற்றில் பலவற்றுக்கு மானியம் மறுக்கப்படவே இல்லை. எந்தக் கட்டத்தில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடாமல் கடைக்கால் தோண்டியதுதான் கோளாறு.

ஊரில் இதை 'பிரதமர் வீடு' என்பார்கள், 'ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் வீடு' என்பார்கள், அலுவலகத்தில் 'பி.எல்.சி.' பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூன் 25-ல் தொடங்கியது. அதில் சொந்த மனையில் பயனாளியே கட்டிக்கொள்ளும் பகுதி இது. மத்திய அரசு 1,50,000, தமிழ்நாடு அரசு 60,000, ஆக 2,10,000 ரூபாய். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தின் விதிப்படி மாநிலப் பங்கு குறைந்தது 1,00,000, மொத்தம் 2,50,000. மத்தியப் பங்கு மட்டும் அதே 1,50,000-ல் நிற்கிறது. செங்கல்லும் எம்-சாண்டும் அப்படி நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் இதை நடத்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-ல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்து 2021-ல் பெயர் மாறியது. மக்கள் ஏறி இறங்குவது பேரூராட்சி அலுவலகப் படியில். மதிப்பீடும் பில்லும் வாரியத்தின் கோட்டப் பொறியாளர் பக்கம். "இ.ஓ.வை (பேரூராட்சிச் செயல் அலுவலரை) பார்த்தேன், வாரியத்தில் கேளுங்கள் என்கிறார், வாரியத்தில் கேட்டால் பேரூராட்சியில் கேளுங்கள் என்கிறார்கள்" என்ற புலம்பலுக்குக் காரணம் இந்த இரட்டை அமைப்புதான். எதை எங்கே கேட்பது என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். பெயர் பட்டியலில் இருக்கிறதா, வீட்டுவரி, குடிநீர், கட்டட அனுமதி இவற்றுக்குப் பேரூராட்சி. பணி ஆணை, அளவெடுப்பு, தவணை இவற்றுக்கு வாரியத்தின் உதவிப் பொறியாளர்.

உள்ளாட்சித் திட்டமிடல் என்ற அளவில் இதற்கு என்ன மார்க் போடலாம்? தாராளமாகப் போட்டாலும் ஐந்துக்கு இரண்டுதான். விதிப்படி ஒவ்வொரு ஊரும் 'அனைவருக்கும் வீடு செயல்திட்டம்' ஒன்று தயாரிக்க வேண்டும். எத்தனை குடும்பத்துக்கு வீடில்லை, அதில் எத்தனை பேருக்கு மனை இருக்கிறது, மனை இல்லாதவர்களுக்கு எந்த நிலம் என்று அதில் இருக்க வேண்டும். நடப்பில் முதல் இரண்டு கேள்விக்குப் பதில் வருகிறது, மூன்றாவது காலியாகவே நிற்கிறது. காரணம் ஆட்களின் சோம்பல் இல்லை. புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையிடம், லேஅவுட் அங்கீகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம், வீடு கட்டும் நிதி வாரியத்திடம். அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் நகரத் திட்டமிடலும் குடிசைப் பகுதி மேம்பாடும் உள்ளாட்சியின் வேலையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பேரூராட்சி மன்றம் தன் ஊருக்குள் ஏழைகளுக்கென்று 50 மனை பிரிக்க நினைத்தால், தீர்மானம் போட்டு தாலுகா ஆபீசுக்கு அனுப்புவதைத் தாண்டி அதிகமாக எதுவும் செய்ய முடியாது. அதனால் செயல்திட்டம் என்பது பட்டா வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. வாடகைக்கு இருப்பவர், ஓடைக்கரையில் இருப்பவர், அப்பா வீட்டில் ஒரு அறையில் நாலு பேராக இருப்பவர், இவர்களுக்குத்தான் வீடு அவசரம். பட்டியலில் விழுவதும் இவர்கள்தான்.

இன்னொரு விசித்திரம் எல்லைக்கோடு. கிராம ஊராட்சிகளில் கலைஞரின் கனவு இல்லம் என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு, ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி. பேரூராட்சிக்கு அது கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி என்றால், ஒரே மேஸ்திரி, ஒரே செங்கல் சூளை, ஒரே விலை, மானியத்தில் மட்டும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வித்தியாசம். ஊராட்சியில் ஊரக வேலைத் திட்டக் கணக்கில் வீட்டு வேலைக்குக் கூலி சேர்க்கும் வழியும் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஊரை ஒட்டிய மனை வைத்திருப்பவர் முதலில் சர்வே எண் எந்த எல்லையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தபால் முகவரி டவுன் பெயரில் இருந்தாலும் மனை ஊராட்சியில் இருக்கலாம்.

பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளி என்றால் இதைவிட நல்ல கதவு ஒன்று இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வீட்டுக்கு 4,00,000 ரூபாய் வரை உதவி தருகிறது. தொடர்ந்து புதுப்பித்த பதிவும் சொந்த மனையும் வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அதைக் கேட்டு, இல்லையென்று தெரிந்த பிறகு இந்த வரிசைக்கு வாருங்கள். இரண்டு அரசு வீட்டு உதவியை ஒரே குடும்பம் வாங்க முடியாது.

தகுதி விஷயம் நேரானது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், இந்தியாவில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது, இரண்டாம் கட்டத்தில் கடந்த 20 ஆண்டில் வேறு அரசு வீடு வாங்கியிருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். எனவே கல்யாணமான மகன் அப்பா வீட்டிலேயே இருந்தாலும் தனிக் குடும்பமாக விண்ணப்பிக்கலாம். வீடு மனைவி பெயரில் அல்லது இருவர் பெயரில் வர வேண்டும் என்பது விதி. விதவை, தனித்து வாழும் பெண், மாற்றுத்திறனாளி, தூய்மைப் பணியாளர், தள்ளுவண்டிக் கடன் வாங்கிய தெருவோர வியாபாரி போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான அட்டை நகலைச் சேர்க்க மறந்தால் முன்னுரிமையும் போச்சு. இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. "லிஸ்ட்டில் பெயர் ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெயரை இறுதி செய்வது மாநில அளவிலான குழுவும் டெல்லிக் குழுவும். தெருமுனை ஆளுக்கு அங்கே கை எட்டாது.

சிக்கல் பட்டாவில்தான். தாத்தா பெயரில் பட்டா, அப்பா இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகள், ஒருவர் திருப்பூரில். சிறு ஊர்களில் இதுதான் வழக்கமான நிலை. கூட்டுப் பட்டாவை வைத்து ஒரு பங்குதாரர் மட்டும் விண்ணப்பித்தால் ஆட்சேபணை வந்த நிமிடமே கோப்பு நின்றுவிடும். வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ (பங்கை விட்டுக்கொடுப்பது) செட்டில்மெண்டோ பதிந்து, உட்பிரிவுக்கு (சர்வே எண்ணைத் தனியாகப் பிரிக்க) மனு போட்டு, தனிப் பட்டா வந்த பிறகு வீட்டுக்கு விண்ணப்பிப்பதே ஒழுங்கான வரிசை. குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை திருத்தப்படி உச்சவரம்பு முறையே 40,000, 10,000. ஒன்றரை சென்ட் மனைக்கு அந்த உச்சத்தை நெருங்கவே நெருங்காது. உட்பிரிவுக்கு சர்வேயர் வரும் தேதியில் பக்கத்து மனைக்காரரும் இருக்கட்டும். கல் ஊன்றிய பிறகு வரும் தகராறுதான் பெரிய தகராறு.

நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம் இரண்டிலும் எத்தனை வருஷ வீட்டுவரி ரசீது இருந்தாலும் வேலைக்கு ஆகாது. ரசீது என்பது வரி கட்டியதற்கு அத்தாட்சி. நிலத்துக்கு உரிமை அதில் வராது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் முதலில் தாசில்தாரிடம் வீட்டுமனைப் பட்டாவுக்குப் போட வேண்டும். வயலைப் பிரித்து விற்ற அங்கீகாரமில்லா மனையா? 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்குத்தான் வரன்முறை வழி இருக்கிறது. அதற்குப் பின் வாங்கிய மனைக்கு, விற்றவர் தெரு போட்டு மின்கம்பம் நட்டுக் கொடுத்திருந்தாலும், கட்டட அனுமதி வாசலிலேயே நிற்கும்.

கட்டட அனுமதியில் நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ, 7 மீட்டர் உயரத்துக்குள் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி இறங்கிவிடுகிறது. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. மானிய வீடு எல்லாமே இந்த அளவுக்குள் அடங்கும். பத்திரம், பட்டா, வரைபடம் தயாராக இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. கட்டணம் ஊருக்கு ஊர் வேறு, சதுர அடிக் கணக்கில். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சான்று தருவது நீங்கள். பக்கவாட்டு இடைவெளி விட்டதாகக் காட்டிவிட்டு எல்லை வரை சுவர் எழுப்பினால், பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுக்கும்போது பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் கையெழுத்தின் மேல்தான் விழும்.

இனி பணம். மானியம் நான்கு கட்டமாக வருகிறது: பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், முடிவு. 2,10,000 கணக்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50,000. எல்லாமே வேலை முடிந்த பிறகு. முன்பணம் ஒரு ரூபாய் கிடையாது.

320 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. சிறு ஊரில் இன்று சதுர அடிக்கு 1,800 முதல் 2,200 வரை ஆகிறது; 6 லட்சம் என்று வையுங்கள். பேஸ்மட்டம் வரை 1.2 லட்சம், லிண்டல் வரை இன்னும் 1.1, ரூஃப் கான்கிரீட் 1.5, பூச்சு, தரை, கதவு, வயரிங், கழிப்பறை எல்லாம் சேர்ந்து 2.2. முதல் கட்டத்தில் 1.2 லட்சம் இறக்கினால் 50,000 திரும்பும். ரூஃப் போட்டு முடிக்கும் நாளில் மொத்தம் 3.8 லட்சம் இறங்கியிருக்கும், வந்திருப்பது 1 லட்சம். அதாவது 2.8 லட்சம் சொந்தப் பணமோ கடனோ வெளியே நிற்கும். கடைசித் தவணைக்கு முன் அது 4.5 லட்சமாகும். இத்தனைக்கும் தவணை தாமதமில்லாமல் வந்தால்தான் இந்தக் கணக்கு. மத்தியப் பங்கு தொகுப்பு தொகுப்பாக விடுவிக்கப்படுவதால் பில் போட்ட பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஆகவே கடனை எப்போது வாங்குவது என்பதே முக்கியமான முடிவு. பெரும்பாலானோர் பூமி பூஜையன்றே நகையை அடகு வைத்துவிடுகிறார்கள். நகைக் கடனை ரூஃப் கட்டத்துக்கென்று வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். சுவர் வேலையை வாரக்கணக்கில் நிறுத்தி நிறுத்திச் செய்யலாம், கெட்டுப்போகாது. கான்கிரீட் அப்படியில்லை; செண்ட்ரிங் அடித்தால் பலகை வாடகை ஓடும், கம்பி கட்டினால் மழையில் துருவேறும், போடும் நாளில் சிமெண்ட், ஜல்லி, மிக்சர், ஆட்கள் எல்லாம் ஒன்றாக இறங்க வேண்டும். வாரத் தவணை மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை இதற்குத் தொடவே வேண்டாம். மானியம் வரும் வேகத்துக்கும் அந்த வட்டி ஏறும் வேகத்துக்கும் ஒத்துவராது. இடிக்கிற குடிசைக்குப் பதிலாக எட்டு பத்து மாதம் வாடகை கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அளவை ஏற்றிக்கொள்வதுதான் அடுத்த பெரிய தவறு. "கட்டுறதுதான் கட்டுறோம், 600 அடியாப் போட்டுடுவோம்" என்று மேஸ்திரி சொல்வார், சொந்தக்காரர்களும் தலையாட்டுவார்கள். மானியம் ஏறாது, செலவு இரட்டிக்கும். இரண்டாம் கட்டத்தில் வீட்டின் கார்ப்பெட் ஏரியா (சுவர் நீங்கலான உள்பரப்பு) 30 முதல் 45 சதுர மீட்டர், அதாவது சுமார் 320 முதல் 480 சதுர அடி. 320-ல் முடித்து, படிக்கட்டுக்கு இடம் விட்டு, பின்னால் மாடி எடுக்கும்படி கடைக்காலைப் போட்டுக்கொள்ளலாம்.

பொருள் கணக்கு தெரிந்திருந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 9 அங்குல வெளிச்சுவர், 4½ அங்குல உள்சுவர் என்றால் செங்கல் 9,000 முதல் 10,000. சிமெண்ட் மொத்தம் 120 முதல் 140 மூட்டை. 320 சதுர அடி ரூஃப் என்றால் 5 அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ 135 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) அதற்கு மட்டும் 30 மூட்டைக்கு மேல் பிடிக்கும். 20 மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கலவை நீர்த்துப்போகிறது என்று பொருள். போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும், குறைந்தது 10 நாள். முட்டுக் கால்களை 14 நாளுக்கு முன் எடுக்க விடாதீர்கள். செண்ட்ரிங்காரர் அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று ஏழாம் நாளே வந்து நிற்பார்.

மண்ணைப் பொறுத்து மானியம் மாறாது என்பது திட்டத்தின் உண்மையான ஓட்டை. செம்மண் தரையில் மூன்றடிக் கடைக்கால் போதும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கக் கரிசலில் அது போதாது. கோடையில் மண் வெடிக்கும், மழையில் உப்பும், சுவர் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரியும். அங்கே ஆழம் கூட்டி, மணல் நிரப்பி, பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தைச் சுற்றிவரும் கான்கிரீட் விட்டம்) கட்டாயம் போட வேண்டும். கூடுதல் செலவு முழுக்க பயனாளி தலையில்தான். பேஸ்மட்ட உயரத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஊர்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போவார்கள். இன்று ஒன்றரை அடி உயரம் என்றால் பத்து வருஷத்தில் வாசல் பள்ளமாகிவிடும். இரண்டரை அடியாவது வையுங்கள்.

கடைசியில் பணம் தீர்ந்து விடுபடுவது இரண்டு: மொட்டை மாடியில் தட்டோடு, தரைக்கடியில் செப்டிக் டேங்க். தட்டோடு இல்லாத ரூஃப் மே மாதம் அடுப்பாகக் கொதிக்கும். நாலைந்து மழையில் ஒழுகவும் தொடங்கும். செப்டிக் டேங்குக்குப் பதிலாக நாலு உறையை இறக்கி மூடிவிடுவது பரவலான பழக்கம். ஒன்றரை சென்ட் மனைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எல்லோரும் அப்படிச் செய்தால் கழிவு நேரே போர் தண்ணீரில் கலக்கும். ஐந்து பேருக்கு உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் இருந்தால் போதும். அடியும் பக்கமும் பூசி, அதிலிருந்து வெளியேறும் நீருக்குத் தனி உறைக்குழி. இந்த டேங்குக்கு ஆகும் செலவை ரூஃபுக்கு முன்பே ஒதுக்கி வைக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

பில் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் பக்கத்து ஆள் வந்து கைபேசியில் இடக்குறியோடு படம் எடுக்க வேண்டும், பயனாளி வீட்டின் முன் நிற்க வேண்டும். மேஸ்திரி வேகமாக பேஸ்மட்டத்திலிருந்து நேரே லிண்டலுக்குப் போய்விட்டால் நடுவில் ஒரு படம் விட்டுப்போகும், கோப்பு குழம்பும். கட்டம் முடிந்த அன்றே தகவல் சொல்லி, வந்து படம் எடுத்த பிறகு அடுத்த வரி செங்கல்லை வையுங்கள். முதல் படம் காலி மனையில் எடுப்பது. அதை வீட்டுக்கு எதிர்த் தெருவில் நின்று எடுத்துவிட்டால் பிறகு இடக்குறி பொருந்தாது.

வங்கிக் கணக்கு அடுத்தது. ஆதாரில் 'எஸ். முத்துலட்சுமி', பாஸ்புக்கில் 'முத்துலெட்சுமி' என்று ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும். வருஷக்கணக்கில் தொடாமல் கிடந்த கணக்கு செயலிழந்திருக்கும். எளிய ஆவணத்தோடு திறந்த சிறு கணக்குகளில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்துக்குள் என்ற கட்டுப்பாடு உண்டு. அரசு மானிய வரவுக்கு அந்த இருப்பு வரம்பில் விலக்கு உண்டு; ஆனாலும் மாதம் எடுக்கும் தொகைக்குக் கட்டுப்பாடு இருக்கும். பணி ஆணை கிடைத்த வாரமே கிளைக்குப் போய் முழு கே.ஒய்.சி. கொடுத்து, ஆதாரை மானிய வரவுக்கு இணைத்து விடுங்கள். மனுவில் எந்தக் கணக்கு எண் கொடுத்தாலும், பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போக வாய்ப்புண்டு.

மனையே இல்லாதவர்களுக்கு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது, பயனாளி பங்குத் தொகையோடு. சிறு ஊரில் அதை எடுக்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள்: பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீர் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள். குடியிருப்போர் சங்கம் பதிவாகிப் பணம் வசூலிக்கும் இடங்களில் அரசு அதற்கு இணையான தொகை தரும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' ஏற்பாடு உண்டு. சங்கம் இல்லாத பிளாக்கில் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதே பெரும்பாடு. ஊருக்கு வெளியே, வேலைக்குப் போக நாளுக்கு 40 ரூபாய் பஸ் செலவு என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் அங்கேயே போய்விடும். அதைவிட ஊருக்குள் வாடகை வீடே தேவலாம்.

வீடு முடிந்து வெள்ளையடித்து, திட்டத்தின் பெயர்ப்பலகையைச் சுவரில் எழுதிய பிறகுதான் கடைசித் தவணைக்குப் படம் எடுப்பார்கள். அதற்கு முன்பே பேரூராட்சியில் புதிய வரி விதிப்புக்கு மனு கொடுத்துவிடுங்கள். அந்த எண் குடிநீர் இணைப்புக்கும் வேண்டும். கட்டும்போது வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். தானாக மாறாது, மாறும் வரை தற்காலிகக் கட்டணம்தான் ஓடும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் வராது.